வீக்கம் இல்லாமல் வந்தவர்கள்

நடந்தவை, நடந்த வரிசையில்:

1. ஜூன் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சென்னையிலிருந்து ஆந்திரத்துக்குப் போனேன். திருப்பதியில் முப்பத்திரண்டு டியூப்களை ஐஸ் பெட்டியில் வாங்கிவருவதுதான் வேலை.
2. அவற்றில் ஒன்பது சித்தூரில் ஓர் ஐஸ்கிரீம் கடையில் இருந்தன.
3. புதன்கிழமை பஸ்ஸின் டயர் வெடித்தது.
4. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் ஒரு விஷயம் சொன்னாள்.
5. அதை என் தோழி ஹேமலதாவிடம் அன்று மாலையே சொல்லியிருக்க வேண்டும். வெள்ளிக்கிழமை காலைதான் சொன்னேன்.
6. வெறும் பெட்டியுடன் திரும்பினேன்.

ஐந்தாவதைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். மற்றவற்றைச் சொல்லாமல் அது புரியாது.

பல் செத்துப்போனால் அதன் வேர்நுனியில் சில சமயம் ஒரு பை உருவாகும். உள்ளே வைக்கோல் நிறத்தில் திரவம் இருக்கும். நீர்க்கட்டி என்பது அதைத்தான். வருடக்கணக்கில் வளர்ந்து தாடை எலும்பை அரித்துவிடும். அந்தத் திரவத்தில், ‘இங்கே கோளாறு’ என்று உடம்பு தனக்கே அனுப்பிக்கொள்ளும் சில புரதங்கள் உண்டு. அழற்சிக் குறியீடுகள் என்கிறோம். தொண்ணூற்றாறு குழிகள் உள்ள ஒரு பிளாஸ்டிக் தட்டில் திரவத்தை விட்டு ரசாயனம் சேர்த்தால் நிறம் ஏறும். புரதம் நிறைய இருந்தால் அடர்ந்த நிறம், இல்லாவிட்டால் வெறும் தண்ணீர். அந்தத் தட்டுகளைப் படிப்பது என் வேலை. ஹேமலதாவின் வேலையும் அதுவே.

சென்னையில் ஒரே வகுப்பில் பல் மருத்துவம் படித்தோம். அவள் புத்தூர்க்காரி. ஆந்திரத்தில் நிலம் வைத்துப் பல தலைமுறையாக இருக்கிற தமிழ்க் குடும்பம். படிப்பு முடிந்ததும் ஊர்ப்பக்கம் போகிறேன் என்று திருப்பதியில் ஒரு பல் மருத்துவமனையின் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தாள். எனக்குச் சென்னையிலேயே வேலை கிடைத்தது. பெரிய கூடம், புதுக் கருவிகள், குளிர்சாதனம். நான்தான் முன்னால் போய்க்கொண்டிருக்கிறேன் என்று மூன்று வருடம் நம்பியிருந்தேன்.

பிறகு அவள் ஒன்றைக் கண்டுபிடித்தாள். திருப்பதி நகரத்து ஆட்களின் கட்டிகளில் குறியீடுகள் எதிர்பார்த்தபடி ஏராளமாக இருந்தன. எல்லைப்புறக் கிராமத்து ஆட்களின் கட்டிகளில் அவை ஏறக்குறைய இல்லை. கட்டி எலுமிச்சை அளவு இருக்கும், திரவம் மட்டும் சத்தமே போடாது. ‘அமைதியான கட்டிகள்’ என்று அவளே பெயர் வைத்தாள். அழற்சியே இல்லாமல் ஒரு கட்டி எப்படி இவ்வளவு வளரும்? ஸ்வீடனில் ஒரு பேராசிரியர் இதே கேள்வியோடு உட்கார்ந்திருந்தார். அவருடைய கூடத்தில் ஓர் ஆராய்ச்சி இடம் காலியாக இருந்தது. விண்ணப்பித்தவர்களில் ஹேமலதா முதல், நான் இரண்டாவது.

பேராசிரியர் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். அவளுடைய டியூப்களை இன்னொரு கூடம் சோதித்து அதே முடிவைச் சொல்ல வேண்டும். அந்த இன்னொரு கூடம் எங்களுடையது. டியூப்களை யார் போய் எடுத்துவருவது என்று பேச்சு வந்தபோது நான் போகிறேன் என்று முந்திக்கொண்டேன். அப்போது யாராவது காரணம் கேட்டிருந்தால் நட்பு என்று சொல்லியிருப்பேன்.

ஞாயிறு மாலை புத்தூரில் அவள் வீட்டில் இறங்கினேன். வாசலிலேயே பெட்டியைப் பார்த்துச் சிரித்தாள். “இன்னாடி கல்பு, பூக்கூடை மாதிரி தூக்கிக்கினு வந்துகீற? மொதல்ல துன்னு. அப்புறம் பேசலாம்.”

கேழ்வரகுக் களியும் வேர்க்கடலைச் சட்னியும் கோழிக் குழம்பும். எங்கள் கரூர் வீட்டில் களி என்றால் காய்ச்சல்காரனுக்குக்கூடக் கொடுக்க யோசிப்பார்கள். இங்கே விருந்தாளிக்குக் கொடுக்கிறார்கள். மூன்று உருண்டை சாப்பிட்டேன். கொல்லைக் கொடியில் ஒரு சிவப்பு ஸ்வெட்டர் காய்ந்துகொண்டிருந்தது. வெளியே வெயில் மண்டையைப் பிளந்தது. திருப்பதி நடைபாதையில் வாங்கியதாம். அவளுடைய அப்பா அதை ஒரு தடவை தொட்டுப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார். “ஏம்மா, அந்த ஊர்ல இது ஒண்ணு போதுமா?”

“போதாது நைனா, இன்னும் நாலு வேணும்” என்று ஹேமலதா உள்ளிருந்து சொன்னாள். “கல்பு வந்தா அவளுக்கும் சேத்து எட்டு.”

எனக்குக் கிடைக்காத இடத்தைப் பற்றி அவள் இப்படித்தான் பேசுவாள். ஒரு துளி விஷம் இருந்தாலாவது திருப்பிக் கொடுக்கலாம். இருக்காது.

திங்கட்கிழமை திருப்பதி. எலும்பு முறிவு வைத்தியத்துக்குப் பேர்போன புத்தூரிலிருந்து கிளம்பிய பஸ்ஸில் பாதிப் பேர் கையிலோ காலிலோ கட்டுடன் இருந்தார்கள், மீதிப் பேர் மொட்டை போடப் போகிறவர்கள். இரண்டும் இல்லாதவர்கள் நாங்கள் இருவர்தான். அவளுடைய கூடம் எங்கள் கூடத்தின் ஸ்டோர் ரூம் அளவுகூட இல்லை. கரண்ட் போனால் ஃப்ரீசருக்கு ஜெனரேட்டரை அவளே இறங்கிப்போய் இழுத்துவிட வேண்டும். அன்று காலை மட்டும் மூன்று தடவை போனாள். ஆனால் அவளுடைய டியூப்களைப் பார்த்தேன். ஒவ்வொன்றிலும் எண், தேதி, எடுத்த நேரம், எல்லாம் அரிசி எழுத்தில் ஒரே சாய்வில். என் டியூப்களில் மை அழிந்திருக்கும். அதற்காக இரண்டு உதவியாளர்களைத் திட்டியிருக்கிறேன்.

நான் பொறாமைப்பட்டவற்றை அன்று மதியம் டைரியில் வரிசையாக எழுதினேன். கையெழுத்து. நோயாளிகள் அவளைப் பெயர் சொல்லித் தேடிவருவது. தெலுங்கில் ஆரம்பித்துத் தமிழில் முடியும் அவளுடைய வாக்கியங்கள், அதற்கு எதிரில் இருப்பவர் தோளைத் தளர்த்திக்கொள்வது. ஸ்வெட்டர். ஐந்தாவதாக, அமைதியான கட்டிகளை மனதில் வைத்து, ‘யோசனை’ என்று எழுதி அடித்தேன். அதை ஒப்புக்கொள்ள அன்றைக்கு மனம் வரவில்லை.

நோயாளிகளிடம் திரவம் எடுப்பதும் அவள்தான். அவளைப் பார்க்க வரிசையில் இருபது பேர் இருந்தார்கள். கன்னம் உப்பிய ஒருவர் முன்னால் வந்தார். அங்கே ஒரு விதி உண்டு, எங்களிடமும் உண்டு: வீக்கம் இருக்கும்போது கட்டியைத் தொடுவதில்லை. ஹேமலதா அவருடைய கையைப் பிடித்துச் சொன்னாள். “அண்ணா, இப்ப ஊசி குத்த முடியாது. மாத்திரை எழுதித் தரேன். வீக்கம் எறங்கட்டும், அடுத்த வாரம் வாங்க.”

“அடுத்த வாரமா?” என்றார் அவர். “எங்கூர்லருந்து ரெண்டு பஸ்ஸு மாறி வந்துகீறேன்மா. இன்னிக்கி கூலி போச்சு.”

“தெரியும்ணா. இன்னா பண்றது.”

அவர் போனதும் வரிசையில் ஒரு பெண் தன் பக்கத்துப் பெண்ணிடம் சொன்னது என் காதில் விழுந்தது. “புதுசு போல. ஊர்ல யாரும் சொல்லி அனுப்பல.” மற்றவள் சிரித்தாள். எனக்கு அது புரியவில்லை. செவ்வாய்க்கிழமை முழுவதும் அவளுடைய தட்டுகளை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். நகரத்துக் குழிகளில் அடர்நிறம், கிராமத்துக் குழிகளில் தண்ணீர். ஒரு பிசிறு இல்லை. எங்கள் கூடத்திலும் இதே முடிவுதான் வரும் என்பது பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

புதன்கிழமை சித்தூர். வாரம் ஒருநாள் ஹேமலதா அங்கே ஒரு கிளினிக்குக்குப் போய்த் திரவம் எடுப்பாள். கிளினிக்கில் ஃப்ரீசர் இல்லை. கீழே ஐஸ்கிரீம் கடையில் இருந்தது, ஜெனரேட்டரோடு. அன்று அவளுக்குக் கூடத்தில் வேலை இருந்ததால் நான் தனியாகப் போனேன். மாம்பழக் கூழ் ஃபேக்டரிகளுக்கு வெளியே லாரிகள் இரண்டு மைலுக்கு நின்றன. ஊர் முழுக்கப் புளித்த பழ வாசனை. டிரைவர்கள் லாரிக்கு அடியிலேயே தூளி கட்டிப் படுத்திருந்தார்கள்.

ஐஸ்கிரீம் கடைக்காரர் ஒரு பிஸ்கட் டப்பாவை எடுத்துக் கொடுத்தார். மேலே தெலுங்கில் ‘இது தின்பதற்கு அல்ல’ என்று பெரிதாக எழுதியிருந்தது. அதைப் படிக்கும் அளவுக்கு ஹேமலதா எனக்குத் தெலுங்கு கற்றுக்கொடுத்திருந்தாள்.

“பாருங்கள், இதனால் எனக்கு ஒரு வெனிலா பெட்டி வைக்கும் இடம் போயிற்று” என்றார் தெலுங்கில். “ஆனால் ஹேமா மேடம் கேட்டால் எப்படி மாட்டேன் என்பது? என் மனைவிக்குப் பல்வலி வந்தபோது அவர்தான் கூடவே நின்றார். வெளிநாட்டுக்குப் போகிறார் இல்லையா? நீங்களும் கூடப் போகிறீர்களா?”

“இல்லை. அவர் மட்டும்.”

“அப்படியா” என்று ஒரு குச்சி ஐஸ் கொடுத்தார். காசு வாங்கவில்லை. என் முகத்தில் ஏதோ தெரிந்திருக்க வேண்டும்.

திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தது. ஐஸ் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டேன். பக்கத்தில் நாற்பது வயது இருக்கக்கூடிய ஒரு பெண் வந்து உட்கார்ந்தாள். மஞ்சள் பையும் ஒரு பிளாஸ்டிக் ஃபைலும் வைத்திருந்தாள். கொஞ்ச நேரம் பெட்டியையே பார்த்தாள்.

“இன்னா பாப்பா, மடியில வச்சிக்கினு குந்திக்கினு கீற? கீழ வைய்யேன்.”

“கீழே சூடு. உருகிடும்.”

“போலியோ சொட்டா?”

அது மாதிரிதான் என்றேன். விளக்கிச் சொல்லச் சோம்பல். அவள் பெயர் தேசம்மா. நாகலாபுரம் பக்கம் ஒரு கிராமம். பாஸ்போர்ட் விசாரணைக்காகச் சித்தூர் வந்திருந்தாள். குவைத்தில் வீட்டுவேலை, ஊரில் ஏற்கெனவே ஐந்து பேர் போயிருக்கிறார்களாம். “மாசாமாசம் பணம் வருது, வூட்டுக்கு மச்சு போட்டுட்டாங்க. நானு இன்னும் மாங்கா வெட்டிக்கினு கீறேன்” என்றாள். அதைச் சொன்ன குரல் எனக்கு நன்றாகத் தெரிந்த குரல்.

சந்திரகிரிக்கு முன்னால் டயர் வெடித்தது. எல்லோரும் இறங்கினோம். ஸ்டெப்னி இல்லை என்று கண்டக்டர் பெருமையாகவே அறிவித்தார். பின்னால் வந்த பஸ்கள் நிற்கவில்லை. முக்கால் மணி நேரத்தில் என் பெட்டியின் மூலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. திரவம் இளகினால் புரதங்கள் கெட்டுவிடும், கெட்டால் அவ்வளவுதான். இதை நான் சொல்லவில்லை. தேசம்மா சொட்டுவதைப் பார்த்தாள், எழுந்தாள், சாலையைக் கடந்து ஒரு கோலிசோடாக் கடைக்குப் போனாள்.

“புள்ளைங்களுக்குப் போலியோ மருந்துய்யா, உருகுது!” என்று அவள் தெலுங்கில் கத்தியது இந்தப் பக்கம் வரை கேட்டது. கடைக்காரர் ஐஸ் பாரில் பாதியை உடைத்து, சாக்கில் சுற்றி, தானே தூக்கிக்கொண்டு வந்தார். வந்தவர் பெட்டியைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

ஐஸை நிரப்பிவிட்டுப் புளியமர நிழலில் உட்கார்ந்தோம். மஞ்சள் பையிலிருந்து தேசம்மா முறுக்கு எடுத்தாள். அதோடு ஒரு காகிதப் பொட்டலமும் வெளியே வந்தது. பொட்டலத்தின் ஓரத்தில் மாத்திரைப் பட்டை எட்டிப் பார்த்தது. சின்ன வெள்ளை மாத்திரைகள். பட்டையின் பின்புறத்தைப் படிக்கும் பழக்கம் எங்கள் தொழிலில் போகாது. ஸ்டீராய்டு. அழற்சியை அடக்குகிற மருந்து.

“இது யாருக்கு?”

“எந்தம்பி ஏழுமலைக்கு. திருப்பதில மூட்டை தூக்குறான். பல்லுல கட்டி, மூஞ்சி பூசணிக்கா மாதிரி வீங்கிடுச்சி. நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போறான். நேத்தும் முந்தாநேத்தும் குடுத்தாச்சி. இது இன்னிக்கும் நாளைக் காத்தாலைக்கும்.”

“டாக்டர் எழுதிக் கொடுத்ததா?”

“எங்கூரு ஊசி டாக்டரு.” சைக்கிளில் பை மாட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போய் ஊசி போடுகிறவர். பட்டம் கிடையாது. “வீக்கத்தோட போனா ஆஸ்பத்திரில திருப்பி அனுப்பிடுவாங்க பாப்பா. எனக்கே அனுப்புனாங்க. போன சீசன்ல சித்தூர் ஃபேக்டரில வேலை செஞ்சிக்கினு இருந்தப்ப. ரெண்டு நாளு கூலி போச்சி. அப்புறம் ஊருக்குப் போயி இந்தப் பொட்டலத்தத் துன்னேன். மூணே நாளு. மூஞ்சி அப்படியே வத்திப் போச்சி. போனேன், ஒடனே ஊசி வச்சித் தண்ணி எடுத்துட்டாங்க. இப்ப எங்கப் பக்கத்துல பல்லு கட்டிக்குப் போறவங்க எல்லாருமே இதத் துன்னுட்டுத்தான் போறது.”

“டாக்டர்கிட்ட இதைச் சொல்வீங்களா?”

“சொன்னா உதைப்பாங்க” என்று சிரித்தாள். “அந்த ஹேமா பொண்ணு தங்கமானது. ஆனா ஊசி டாக்டர் பேரச் சொன்னா அதுக்கும் கோவம் வரும். இன்னாத்துக்கு?” விரலால் மேலுதட்டைத் தூக்கிக் காட்டினாள். “இங்கதான் இருந்துச்சி. எலுமிச்சங்கா சைசு.”

மேல்தாடை, முன்பல், எலுமிச்சை அளவு, சித்தூர் கிளினிக், போன சீசன். செவ்வாயன்று பார்த்த பதிவேட்டில் எண் பதினான்கு. அவளுடைய திரவம் என் மடியில் இருந்தது. அதை உருகாமல் காப்பாற்றியதும் அவள்தான்.

கட்டிகள் அமைதியாக இருக்கவில்லை. வாயை மூடி அனுப்பியிருக்கிறார்கள்.

மாற்று பஸ் வந்தது. திருப்பதியில் இறங்கும்வரை தேசம்மா குவைத்தைப் பற்றிப் பேசினாள். நான் என் வழிகளை வரிசைப்படுத்திக்கொண்டிருந்தேன். முதல் வழி: ஒன்றும் சொல்லாமல் டியூப்களைச் சென்னைக்குக் கொண்டுபோய்ச் சோதிப்பது. அதே முடிவு வரும், ஹேமலதா ஸ்வீடன் போவாள், என்றைக்காவது யாராவது கண்டுபிடிப்பார்கள், அப்போது விழுவாள், உயரத்திலிருந்து. இரண்டாவது வழி: நேரே பேராசிரியருக்கு எழுதுவது. இடம் எனக்கு வரும், காரணமும் நேர்மை என்றே இருக்கும். மூன்றாவது: அவளிடம் சொல்வது. மூன்றையும் ஆற அமர யோசித்தேன். முதலாவதை யோசிக்கும்போது சுகமாக இருந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன்.

அன்று மாலை ஹேமலதா பெட்டியைத் திறந்து டியூப்களை எண்ணினாள். “ஒண்ணுகூட எளகலடி! டயரு வெடிச்சும் காப்பாத்திக் கொண்டாந்துட்ட பாரு. உன்ன மாதிரி ஆளு யாருக்குக் கெடைக்கும்?” என் கன்னத்தைக் கிள்ளினாள். நான் பசிக்கிறது என்றேன்.

வியாழக்கிழமை ஏழுமலை வந்தான். முப்பது வயது, நல்ல உயரம். முகத்தில் வீக்கமே இல்லை. பின்னாலேயே தேசம்மா. வெள்ளைக் கோட்டில் என்னைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள்.

ஹேமலதா அவனை நாற்காலியில் உட்காரவைத்து விவரம் கேட்டாள். ஊர், வயது, சர்க்கரை, ரத்தக் கொதிப்பு. பிறகு அவள் எல்லோரிடமும் கேட்கும் கேள்வி. “வீக்கத்துக்கு வேற எதுனா மருந்து துன்னீங்களா?”

“இல்லம்மா.”

“நெஜமாவா?”

“ஒண்ணும் துன்னல.”

தேசம்மா என்னையே பார்த்தாள். எனக்கு முன்னால் ஐந்து நொடி இருந்தது. நான் குனிந்து டியூபுக்கு எண் எழுதினேன். முப்பத்து மூன்று. ஹேமலதாவின் ஊசி உள்ளே போனது. வைக்கோல் நிறத் திரவம் ஏறியது. அதில் சின்னச் சின்னத் துகள்கள் வெளிச்சத்தில் மினுங்கின. “வீக்கமே இல்ல பாரு கல்பு. இதுவும் அமைதியாத்தான் இருக்கும்” என்றாள், குழந்தை மாதிரி.

கிளம்பும்போது தேசம்மா தாழ்வாரத்தில் என் கையைப் பிடித்தாள். “போலியோன்னு சொல்லி ஏமாத்திட்டியே பாப்பா” என்றாள் மெதுவாக. “ஆனா காட்டிக் குடுக்கல. நீ நல்ல பொண்ணு.” என் வாழ்நாளில் தகுதியில்லாமல் கிடைத்த பாராட்டு அது ஒன்றுதான் என்று சொல்ல முடியாது. மிகக் கூசியது அதுதான்.

மதியம் ஹேமலதா தன் நோட்டை என்னிடம் கொடுத்தாள். நகல் அல்ல, மூல நோட்டு. “இதையும் எடுத்துக்கினு போ. எதுனா சந்தேகம் வந்தா பாத்துக்கோ.” எனக்கு என் நோட்டைத் தாய்க்குக்கூடக் கொடுக்க மனம் வராது.

நோட்டின் கடைசிப் பக்கத்தில் அவளே வரைந்த ஒரு வரைபடம் இருந்தது. நடுவில் திருப்பதி. சுற்றிலும் ஊர்கள், ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு வட்டம். குறியீடு அதிகமென்றால் கறுத்த வட்டம், இல்லையென்றால் வெறும் வட்டம். கிணற்று நீர், கேழ்வரகு, வேப்பங்குச்சி என்று காரணங்களாக நினைத்தவற்றை ஓரத்தில் எழுதி ஒவ்வொன்றாக அடித்திருந்தாள். அவற்றில் ஒன்றுகூடச் சரியாக வரவில்லையே என்று எத்தனை மாதம் மண்டையை உடைத்துக்கொண்டிருப்பாள் என்று தோன்றியது.

எனக்கு ஒரே பார்வையில் தெரிந்தது. டவுன் பஸ் போகும் ஊர்கள் கறுப்பு. இரண்டு பஸ் மாறி வரவேண்டிய ஊர்கள் வெறுமை. பக்கத்தில் இருப்பவர் வீக்கத்தோடு வருவார், திருப்பி அனுப்பினால் அடுத்த வாரம் வருவார். தூரத்தில் இருப்பவர் இன்னொரு நாளை இழக்க முடியாது. அவர் பொட்டலத்தைத் தின்றுவிட்டு வருவார். ஹேமலதா வரைந்தது நோயின் வரைபடம் அல்ல. திரும்பி வர முடியாதவர்கள் இருக்கும் ஊர்களின் வரைபடம்.

அவள் கண்டுபிடித்ததைவிட இது நல்ல கண்டுபிடிப்பு என்று அப்போது தோன்றியது. அதனால்தான் வாய் திறந்தேன் என்று நினைக்கிறேன். மனசாட்சி என்று சொல்ல ஆசைதான். ஆனால் முதல் முறையாக அவளிடம் இல்லாத ஒன்று என்னிடம் இருந்தது, அதை அவளுக்குக் காட்ட வேண்டும் போலிருந்தது.

வெள்ளிக்கிழமை காலை திருப்பதி பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு டிபன் கடையில் உட்கார்ந்தோம். காரம் தடவிய தோசை. எங்கள் ஊர்ப் பக்கம் தோசைக்குள் உருளைக்கிழங்கு வைப்பார்கள், இங்கே நெருப்பை வைக்கிறார்கள். பெட்டி, டியூப்களுடன் மூடி ஒட்டி, மேசையில் இருந்தது. பக்கத்து மேசையில் ஒரு மொட்டைக் குடும்பம் லட்டுப் பை காணாமல் போனதற்காக ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்டிருந்தது. நான் நாப்கின் காகிதத்தில் எழுதி எடுத்துவந்ததைப் படித்தேன். பொட்டலம், தேசம்மா, ஏழுமலை, பஸ், வரைபடம். ஐந்து வரி.

ஹேமலதா மீதித் தோசையை முழுவதும் சாப்பிட்டாள். கை கழுவிவிட்டு வந்தாள்.

“பதினாலா? முப்பத்து மூணா?”

“ரெண்டும். மத்ததும் இருக்கலாம்.”

“நானு எல்லார்கிட்டயும் கேட்டனே கல்பு. ஒவ்வொருத்தரையும் கேட்டேன்.”

“உன்கிட்ட சொல்ல மாட்டாங்க. உன்னைப் பிடிக்கும், அதனால.”

பெட்டி மூடியில் ஒட்டியிருந்த டேப்பை நகத்தால் சுரண்டினாள். பிறகு நிமிர்ந்தாள். “டயரு வெடிச்சது புதன்கெழம.”

“ஆமாம்.”

“இன்னிக்கி வெள்ளி. ரெண்டு நாளு இன்னா பண்ணிக்கினு இருந்த?”

பொய்கள் மூன்று தயாராக இருந்தன. உறுதிப்படுத்திக்கொள்ள நினைத்தேன் என்பது அவற்றில் சிறந்தது. “பொறாமைப்பட்டுக்கிட்டிருந்தேன்” என்றேன்.

பக்கத்து மேசையில் லட்டுப் பை கிடைத்துவிட்டது. அதற்கு ஒரு பெரிய சத்தம் எழுந்தது. அது அடங்கும்வரை ஹேமலதா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நானா இருந்தா மூணு நாளு ஆயிருக்கும்” என்றாள். கண் நிறைந்திருந்தது, காரமாகவும் இருக்கலாம். “உனக்கு சென்னையில வேலை கெடச்சப்ப ஒரு வாரம் எங்கம்மாகூடப் பேசல, தெரியுமா?”

தெரியாது. அதற்காக இப்போது சந்தோஷப்படலாமா என்று ஒரு கணம் தடுமாறினேன்.

பெட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். “இத நீ எடுத்துக்கினு போயி புண்ணியம் இல்ல. யாரு பொட்டலம் துன்னாங்க, யாரு துன்னலன்னு தெரியற வரைக்கும் இது வெறுந் தண்ணி.” டியூப்களை மருத்துவமனைக்குத் திரும்பக் கொண்டுபோய் ஃப்ரீசரில் வைத்துவிட்டு, காலிப் பெட்டியை என்னிடம் கொடுத்தாள். அடுத்து ஏழுமலையின் அறுவை சிகிச்சைத் தேதியைப் பார்த்தாள், அறுவை செய்யும் மருத்துவரிடம் போய் ஸ்டீராய்டு விஷயத்தைச் சொன்னாள்; தெரியாமல் கத்தி வைத்தால் அவனுக்கு ஆபத்து. தேசம்மா பெயரைச் சொல்லவில்லை.

அதன்பின் என்னை ஒரு பிரவுசிங் சென்டருக்கு இழுத்துப்போனாள். ஸ்வீடனுக்கு மெயில் எழுதினாள். நான் பின்னால் நின்று படித்தேன். தன் முடிவைத் திரும்பப் பெறுவதாக முதல் வரி. காரணம் இரண்டாவது வரி. மூன்றாவது வரியில், இதைக் கண்டுபிடித்தவர் கல்பனா, உங்கள் பட்டியலில் இரண்டாவதாக இருப்பவர்.

“அது வேண்டாம், எடு” என்றேன்.

“இன்னாத்துக்கு எடுக்கணும்? உண்மைதானே?” என்று அனுப்பும் பொத்தானை அழுத்திவிட்டாள். பொறாமையைப் பொறுத்தவரை அந்த வாரத்தின் உச்சம் அந்த நொடிதான். கையெழுத்தும் யோசனையும் இருக்கட்டும். நான் இரண்டு நாள் எடுத்த வேலையை அவள் ஒரு தோசை நேரத்தில் செய்து முடித்துவிட்டாள்.

சென்னை பஸ்ஸில் ஏறியபோது பெட்டி கனமே இல்லை. பக்கத்தில் உட்கார்ந்தவர் உள்ளே என்ன என்று கேட்டார். ஒன்றும் இல்லை என்றேன். அவர் நம்பவில்லை.

இப்போது நிலவரம் இது. ஹேமலதா ஞாயிறுதோறும் கோட்டைக் கழற்றிவிட்டு ஊர் ஊராகப் போய் எங்களுடைய முப்பத்து மூன்று பேரையும் தேடிப் பேசுகிறாள். இதுவரை பத்தொன்பது பேர் பொட்டலத்தை ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். நான் இரண்டு ஞாயிறு கூடப் போனேன். நான் கேட்டால் இல்லை என்கிறார்கள். அவள் கேட்டால் உள்ளே போய் மிச்ச மாத்திரையை எடுத்துவருகிறார்கள். ஊசி டாக்டரின் பெயரை அவள் கேட்பதே இல்லை. தூரத்து ஊர்க்காரர் வீக்கத்தோடு வந்தால் திருப்பி அனுப்பாமல் வீக்கம் இறங்கும்வரை தங்கவைக்க மருத்துவமனை இரண்டு கட்டில் ஒதுக்கியிருக்கிறது. ஏழுமலைக்குக் கட்டி எடுத்தாயிற்று. தேசம்மாவுக்குப் பாஸ்போர்ட் வந்துவிட்டது. எங்கள் மூவரில் வெளிநாடு போனது அவள் ஒருத்திதான்.

ஸ்வீடன் இடம் இந்த வருடம் யாருக்கும் இல்லை. அடுத்த வருடத்துக்கு நாங்கள் இருவரும் விண்ணப்பிக்கிறோம். அவள் தன் விண்ணப்பத்தை எனக்கு அனுப்பினாள், படித்துத் திருத்திக் கொடுத்தேன். என்னுடையதை அவளுக்கு இன்னும் காட்டவில்லை.